செம்பியன் மாதேவியார்

சோழ மரபிற் பிறந்தும் அம்மரபிற் புகுந்தும் சிவத்தொண்டு புரிந்த அரசமாதேவியர் பலர். அவருள் கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியாரைப் போல அறுபது ஆண்டுகள் இடையறாது அத்தொண்டிலேயே நின்ற மற்றொருவரைக் காட்டுதல் அரிது. முதற் பராந்தக சோழன் ஆட்சியில், 941-ஆம் ஆண்டில், இந்நாளில் உய்யக்கொண்டான் திருமலை என வழங்கும் திருக்கற்குடியிற் பெருமான் திருமுன் விளக்கெரித்தற்கு நிவந்தம் அளித்தவராக அம்மையாரை முதன்முதற் கல்வெட்டிற் காண்கின்றோம். முதல் இராசராச சோழன் ஆட்சியில், 1001-ஆம் ஆண்டு வரையில் அவர்தம் அறச்செயல்கள் கல்லிற் பொறிக்கப்பெற்றுள்ளன. இவ்விரண்டு எல்லைக்கும் இடையே பராந்தகன் முதல் இராசராசன் ஈறாக அறுவர் சோழர் அரியணையில் வீற்றிருந்தனர். அரசு கைமாறிய போதெல்லாம் அம்மையார் தொண்டு மாறாது நிகழ்ந்தது.

இவர் வரலாற்றைப் பாடிய காப்பியம் ஒன்றும் இல்லை, புராணமும் இல்லை. உள்ளவை கல்வெட்டுக்களே. பிற்காலத்தில், 1950-ஆம் ஆண்டில் தொடங்கி வார இதழொன்றில் வெளிவந்த பொன்னியின் செல்வன் என்னும் புதினத்தால் இவர் திருப்பெயர் தமிழ் மக்கள் இல்லந்தோறும் பரவியது. அது நன்றே. ஆயினும், இவர் மகனாராக அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகர் இவர் வயிற்றிற் பிறந்தவர் அல்லர் என்று அக்கதையிற் புனைந்தது புனைவு மாத்திரையேயாம். உத்தம சோழரை ஈன்ற தாய் இவரே என்று கல்வெட்டுக்கள் ஐயத்துக்கிடமின்றிக் கூறுகின்றன. கதையை வரலாறெனக் கொண்டு மேடைகளிற் பேசுவாரை இந்நாளில் நாம் அடிக்கடி கேட்கின்றோமாதலின் இதனை முதற்கண் எழுத நேர்ந்தது.

அம்மையார் மழவர் குடியினர். மழவரையர் திருமகளார் என்று சாசனங்கள் அவரைக் குறிக்கும். செம்பியன் மாதேவி என்பது சோழர் பெருந்தேவி என்னும் பொருளதாகலின் பட்டப்பெயர் போலத் தோன்றும். இளமைப்பருவம் பற்றிய செய்தி எதுவும் கல்லில் இல்லை. தில்லைப் பொன்னம்பலத்துக்குப் பொன் வேய்ந்த பராந்தக சோழனுக்கு மருகியாராய் அவர் அரண்மனை புகுந்தார் என்பதொன்றே நாம் உறுதியாகக் கொள்ளத்தக்கது. அம்மையார் கணவரோ, அரசராயிருந்தும் சிவனடியார் நெறியில் நின்றவர். ஒன்பதாந் திருமுறையாகிய திருவிசைப்பாவைப் பாடிய ஒன்பதின்மருள் முடிபுனைந்த வேந்தர் கண்டராதித்தர் ஒருவரே. அவர் பாடியது தில்லைக் கூத்தனை. 949-ஆம் ஆண்டளவில் தக்கோலத்திற் பராந்தகன் மூத்த மகன் இராசாதித்தன் போர்க்களத்து வீழ்ந்த பின்னர் இளவரசுரிமை கண்டராதித்தர்க்கு வந்தது. இராட்டிரகூடர் தொண்டை மண்டலத்தைக் கைக்கொண்டு, சோழநாடு தன் பழைய எல்லைக்குள் ஒடுங்கிய காலம் அது. அவர் ஆட்சி சில ஆண்டுகளே நடைபெற்றது. பிற்காலச் சாசனங்கள் அவரை மேற்கெழுந்தருளின தேவர் என்று வழங்கும். மேற்றிசையில் தலப்பயணம் சென்றார் என்பாரும், இறைவன் திருவடி எய்தினார் என்பாரும் உளர்.

கணவர் மறைந்தபோது மகனார் மதுராந்தகர் இளங்குழவியாக இருந்திருத்தல் வேண்டும். அரியணை கணவரின் தம்பியாகிய அரிஞ்சயர்க்கும், அவர்க்குப் பின் அவர் மகன் சுந்தர சோழர்க்கும் சென்றது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டதும், அதன்பின் 970-ஆம் ஆண்டையொட்டி மதுராந்தகர் உத்தம சோழர் என்னும் பெயரோடு முடி சூடியதும் வரலாறு கற்றார் அறிந்தவை. அக்கொலைக்குரியார் உடைமைகளை இராசராசன் கைக்கொண்ட செய்தியை உடையார்குடிக் கல்வெட்டிற் காணலாம். அரண்மனையின் இப்பூசல்களில் அம்மையார் எப்பக்கம் நின்றார், யாது செய்தார் என்று ஆராய்வார் ஆராய்க. கல்வெட்டுக்களில் யாம் காண்பது பிறிதொன்று. மகனார் ஆட்சியில் தாயார் பெற்ற செல்வாக்கு முழுவதும் திருக்கோயில்களுக்கே சென்றது. மகனார்க்குப் பின் அரசேற்ற இராசராசனும் தன் பாட்டியாராகிய இவரைப் போற்றியே ஒழுகினான்.

இனி அம்மையார் செய்த திருப்பணியின் இயல்பைக் கூறுவாம். மூவர் முதலிகள் பாடிய காவிரிக்கரைத் தலங்களிற் பெரும்பாலன அக்காலத்திற் செங்கற்றளிகளே. காவிரியின் கீழ்நாடு வண்டல் நிலம். அங்குக் கருங்கல் கிடையாது. மேட்டு நாட்டினின்று கல் கொணர்ந்தே கட்டுதல் வேண்டும். செங்கல்லும் சுண்ணமும் மழையிலும் வெள்ளத்திலும் இற்று வீழ, ஒவ்வொரு தலைமுறையிலும் புதுக்கியாகவேண்டிய நிலைமை இருந்தது. புதுக்குங்கால் பழையது அழியும். அடியார் பாடிய கோயில் இதுவே என்று காட்டுதற்கு ஊர்ப்பெயரன்றி வேறொன்றும் எஞ்சாது போம். இதற்கு அம்மையார் கண்ட மாற்று, பாடல்பெற்ற அத்தலங்களை ஒவ்வொன்றாகக் கருங்கற்றளிகளாக எடுப்பித்தல். திருநல்லம், திருக்கோடிகா, தென்குரங்காடுதுறை, திருத்துருத்தி, திருமணஞ்சேரி, ஆரூர் அரநெறி, திருமுதுகுன்றம், திருவக்கரை என இவர் கைபட்ட தலங்கள் பல.

இவற்றுள் திருநல்லம், இந்நாளிற் கோனேரிராசபுரம் எனப்படுவது, தனித்து எண்ணத்தக்கது. தம் கணவர் திருப்பெயரால் அம்மையார் அக்கற்றளியை எடுப்பித்தார். அதன் சுவரிற் கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபட்டிருக்கும் தோற்றம் புடைப்புருவமாக அமைந்திருக்கின்றது. அதன் கீழ் அஃது இன்னார் உருவமென்றும், இக்கோயில் இவர் பெயரால் இவர் தேவியார் எடுப்பித்ததென்றும் எழுதப்பட்டுள்ளது. அம்மட்டோ! கோயிலைக் கட்டிய ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தனாகிய அரசரணசேகரன் என்பானது உருவமும் பெயரும் அங்கே உள்ளன; அவன் இராசகேசரி மூவேந்த வேளான் என்னும் பட்டமும் பெற்றான். கோயில் எடுப்பித்த அரசர் பெயரைக் கல்லில் எழுதுதல் உலக வழக்கு. கட்டினவன் முகத்தையும் பெயரையும் எழுதுவித்தவர் மிகச் சிலர். தஞ்சைப் பெருங்கோயிலில் இராசராசன் சிற்றூழியர் பெயரையும் விடாது எழுதுவித்ததை வியக்கும் நாம், அவ்வழக்கத்தை அவன் எங்கே பயின்றான் என்று வினவுவோமாயின், பாட்டியார் எடுப்பித்த இக்கற்றளிகளை நோக்கவேண்டும் என்பதே எம் கருத்து.

திருக்கோடிகாவில் அம்மையார் செய்தது இதனினும் பெரிது. செங்கற்றளியைப் பிரித்துக் கற்றளி எடுக்கும்போது, பழைய சாசனங்கள் வெட்டப்பெற்ற கற்கள் அங்கங்கே சிதறிக் கிடந்தன. பல்லவர் காலத்து நிவந்தங்கள் முதலாகப் பல அவற்றில் இருந்தன. புதுக்கோயில் எடுப்போர் பழங்கற்களை அடிப்படைக்குள் இட்டு மறைப்பதும், எழுத்தைத் தேய்த்துப் படிக்கல்லாக்குவதும் அன்றும் இன்றும் உள்ள வழக்கம். அம்மையார் அக்கற்களைத் திரட்டுவித்து, அவற்றில் உள்ளவற்றை எழுத்து விடாது புதுச்சுவரிற் படியெடுத்து வெட்டுவித்தார். படியெடுத்தவை பழங்கற்படி என்பதும் உடன் குறிக்கப்பெற்றுள்ளது. மூலம் இன்னது, படி இன்னது என்னும் வேறுபாட்டைப் பத்தாம் நூற்றாண்டிற் போற்றிய இந்நேர்மை வியக்கத்தக்கது. தம் மகனார் ஆட்சியில், தம் பொருளால் எழுந்த சுவரில், தம் குலத்தினர்க்கு முன்னர் ஆண்ட வேற்றரசரின் கொடைகளுக்கு அவர் இடம் தந்தார். முன்னோர் விட்ட நிலமும் விளக்கும் எவர் ஆட்சியிலாயினும் இறைவன் உடைமை. அரசு மாறினும் அவ்வுடைமை மாறாது என்பதே அதன் கருத்தாம். பழங்கல் மறையின் அந்நிலத்தைக் கவர்ந்துண்பார் எளிதிற் கவர்வர் என்பதை அம்மையார் நன்குணர்ந்திருந்தார் என்க. கோயில் உடைமையைக் காத்தற்கு ஆவணம் காத்தலே முதல்வேலை என்னும் இக்கொள்கையைக் கல்லில் எழுதிக் காட்டிய முதல்வருள் ஒருவராக இவரை யாம் கருதுகின்றோம்.

படிமங்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். முன்னைக் கோயில்களில் கருவறைப் புறச்சுவரின் தேவகோட்டங்கள் சிலவே. அம்மையார் எடுப்பித்த கற்றளிகளில் அவை பெருகின; பிள்ளையாரும் அகத்தியரும் ஆடவல்லானும் பிச்சாடனரும் மாதொருபாகரும் கொற்றவையும் அவற்றில் எழுந்தருளினர். தென்புறக் கோட்டத்தில் ஆடவல்லான் திருவுருவம் நிலைபெற்றது இவர் திருப்பணிகளிலே என்பர் ஆராய்ச்சியாளர். தில்லைக் கூத்தனைப் பாடிய கணவர்க்கு அம்மையார் ஆற்றிய நினைவுக்கடன் இது எனக் கொள்வதில் இழுக்கொன்றும் இல்லை. செப்புத்திருமேனிகளும் பல இவர் காலத்தே வார்க்கப்பெற்றன. மெலிந்த இடையும் ஒழுகிய தோளும் அமைதி நிறைந்த முகமும் உடைய அவ்வார்ப்புக்களுக்குச் செம்பியன் மாதேவி பாணி என்றே கலையறிஞர் பெயரிட்டனர். கோனேரிராசபுரத்துச் செப்புத் திருமேனிகள் இன்றும் பூசை கொள்வன.

கோயிலை எடுத்து, படிமத்தை வார்த்து, அம்மட்டில் அம்மையார் நின்றாரல்லர். விளக்குக்கு நெய், திருவமுதுக்கு நெல், திருப்பதிகம் பாடுவார்க்கும் பூசகர்க்கும் காவலர்க்கும் வாழ்வு என ஒவ்வொன்றற்கும் நிலமும் பொன்னும் விட்டார். விட்டதனை ஊர்ச்சபையார் பொறுப்பில் வைத்தார். வைத்ததனைக் கல்லில் எழுதுவித்தார். ஆகமம் கூறும் நித்திய பூசை என்பது மந்திரத்தால் மாத்திரம் நிகழ்வதன்று. நாள்தோறும் ஆறு பொழுதும் ஒருவர் கதவைத் திறந்து, விளக்கேற்றி, திருமேனியை நீராட்டி, துடைத்து, சாத்துபடி செய்து, எண்ணிப் பார்த்துத் தாழிடுதல் அதனுள் அடங்கும். இங்ஙனம் நாள்தோறும் பலர் கண்ணிலும் கையிலும் படும் திருமேனியைக் கவர்தல் எளிதன்று. ஒரு நாள் காணாது போயின் மறுநாட் காலையில் ஊர் அறியும். பூசை நின்ற கோயிலிலோ களவு நிகழ்ந்து ஆண்டுகள் கழிந்த பின்னரே அது வெளிப்படும்.

நாகப்பட்டினத்துக்கு அணித்தாகத் தம் பெயரால் செம்பியன் மாதேவிச் சதுர்வேதிமங்கலம் என்னும் ஊரை அம்மையார் அமைத்தார். கைலாசநாதர் கோயில் அவ்வூரில் உள்ளது. அம்மையார் பிறந்த நாள் கேட்டை. சித்திரைத் திங்கட் கேட்டையில் அக்கோயிலிற் சிறப்பு வழிபாடும் ஊட்டும் நிகழ உத்தம சோழரின் பட்டத்தரசியார் நிவந்தம் வைத்தார். மற்றைத் தேவியரும் திங்கள்தோறும் வரும் கேட்டை நாட்களுக்குத் தத்தம் கொடைகளை அளித்தனர். மருகியர் பலர் கூடி மாமியார் பிறந்த நாளைக் கொண்டாடிய இச்செய்தி சாசனங்களிற் படிக்க மகிழ்ச்சி தருவது. அரண்மனைகளில் இஃது அருமையன்றோ! உத்தம சோழர் 985-ஆம் ஆண்டளவில் மறைந்தார். மகனை இழந்த பின்னரும் அம்மையார் திருப்பணியை விட்டாரில்லை. திருவக்கரைத் திருப்பணி இராசராசன் காலத்தது. அவர் சிவனடி சேர்ந்த நாள் எந்தக் கல்லிலும் இல்லை. 1019-இல், இராசராசன் மகனாகிய இராசேந்திர சோழன் ஆட்சியில், செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலில் அம்மையாருக்கே ஒரு திருமேனி எழுந்தருளுவித்து, அதன் வழிபாட்டிற்கும் நிவந்தம் வைத்தனர்.

அம்மையார் வாழ்க்கை இவ்வளவே. ஆயின் அவர் வைத்தவற்றின் வாழ்க்கை அவரோடு முடியவில்லை. அதனையும் சிறிது சொல்லியே ஆகவேண்டும்.

சோழப் பேரரசு 13-ஆம் நூற்றாண்டில் மறைந்தது. 1311-இல் தில்லிச் சுல்தானின் படைத்தலைவன் மாலிக் காபூர் தென்னாடு புகுந்தபோதும், அதற்குப் பின் நேர்ந்த போர்களின்போதும், கோயிலார் செப்புத்திருமேனிகளை மண்ணுக்குள் ஒளித்தனர். புதைத்தவர் அச்செய்தியை ஒருவர்க்கொருவர் சொல்லி வைத்திருப்பர். சொன்னவரும் கேட்டவரும் மாய்ந்தபின் திருமேனிகள் மண்ணிலேயே கிடந்தன. தில்லைக் கூத்தப்பெருமானே 1648 முதல் 1686 வரை தம் அம்பலம் நீங்கிக் குடுமியான்மலையிலும் மதுரையிலும் மறைந்துறைய நேர்ந்ததாயின், பிற கோயில்களின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. தில்லைப்பெருமான் மீண்டமைக்குக் காரணம், அவர் இருக்குமிடத்தை அறிந்தோர் தலைமுறை கடந்தும் இருந்தமையே. மற்றையவை ஏருழவும் கிணறு தோண்டவும் இந்நாள் வரையில் வெளிப்படுகின்றன. 1951-இல் திருவெண்காட்டில் அங்ஙனம் வெளிப்பட்ட இடபவாகனர் இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கின்றார். அதே தலத்து மாதொருபாகர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றார். இராயப்பேட்டையினின்று எழும்பூர் செல்வது எமக்கு எளிது. ஆயினும் அப்படிமக்கூடத்தில் நிற்கும்போது கைகூப்புவதா, கலைநயம் காண்பதா என்னும் தடுமாற்றம் ஒவ்வொரு முறையும் எமக்கு நேர்கின்றது. அங்கே இருத்தலால் அவை பிழைத்தன என்பதை மறுக்க முடியாது.

படையால் நேர்ந்த அழிவுக்குப் பின் விலையால் நேர்ந்த அழிவு வந்தது. மேனாட்டார் சோழர் செப்புத்திருமேனிகளின் அழகை உணர்ந்து புகழ்ந்த அளவில், அவற்றுக்குப் பெருவிலை எழுந்தது. விலை எழவே களவும் எழுந்தது. 1951-இல் கும்பகோணத்துக்கு அருகில் சிவபுரத்தில் மண்ணினின்று வெளிப்பட்ட கூத்தப்பெருமானைச் செப்பனிடக் கொடுத்தவிடத்து, புதிதாக வார்த்த போலி ஒன்று கோயிலுக்குத் திரும்ப, மெய்த்திருமேனி கடல் கடந்தது. மக்கள் பல்லாண்டுகள் போலியையே வணங்கினர். மெய்த்திருமேனி அமெரிக்கக் கூடமொன்றில் இருப்பது அறியப்பட்டு, 1986-இல் நாடு திரும்பியது. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் சிவன் கோயிலிற் பூசை நின்று, கோயில் பூட்டிக் கிடந்தது. 2006-இல் கள்வர் புகுந்து கூத்தப்பெருமானைக் கொண்டுபோயினர். களவு வெளிப்பட்டதோ 2008-இல். எஞ்சிய திருமேனிகளைக் காப்பிடத்துக்குக் கொண்டுபோக அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோது! அதற்குள் ஆத்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் ஐம்பது இலட்சம் டாலர் கொடுத்து அதனை வாங்கியிருந்தது. பூசைக்கும் காவலுக்கும் உள்ள உறவை முன்னே கூறினோம். அதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அம்மையார் கற்றளியும் இதனினின்று தப்பவில்லை. திருமுதுகுன்றத்தில் அவர் எடுப்பித்த கற்றளியின் கோட்டத்தில் நின்ற மாதொருபாகர் கற்படிமம் பெயர்க்கப்பட்டு, 2004-இல் ஆத்திரேலியாவின் சிட்னி நகரத்துக் கலைக்கூடமொன்றால் வாங்கப்பெற்றது. அது மீண்ட வரலாறு கருதத்தக்கது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1956 முதல் தமிழ்நாட்டுக் கோயில்தோறும் சென்று படிமங்களை நிழற்படம் எடுத்து வைத்து வந்தனர். கலையாராய்ச்சிக்கென எடுத்த அப்படங்கள், களவுபோன திருமேனிகளை அடையாளம் காட்டும் சான்றாக முடிந்தன. திருமுதுகுன்றத்து மாதொருபாகரும் சிறீபுரந்தான் கூத்தப்பெருமானும் கோயிலில் இருந்தமைக்கு அவ்வாறு சான்று கிடைத்தது. 2014-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஆத்திரேலியப் பிரதமர் இரண்டனையும் தில்லியில் இந்தியாவிடம் ஒப்படைத்தார். திருக்கோடிகாவிற் பழங்கற்களைப் படியெடுத்த கைக்கும், புதுச்சேரியில் நிழற்படம் எடுத்த கைக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள் உள்ளன, செயல் ஒன்றே.

சட்டத்தின் வழியை நோக்கினும் அம்மையார் காலத்துக் கொள்கையே நின்று வெல்வதைக் காண்கின்றோம். சோழர் கல்வெட்டுக்களில் கோயில் நிலம் விற்பதும் வாங்குவதும் சண்டேசுவர நாயனார் பெயரால் நிகழும். இறைவன் உடைமைக்குரியவன், சண்டேசுவரர் அவன் காரியம் பார்ப்பவர். 1976-இல் பத்தூரில், சிதைந்த விசுவநாதர் கோயிலருகே கூலியாள் ஒருவர் மண்வெட்டுங்கால் கூத்தப்பெருமான் திருமேனி வெளிப்பட்டு, பல கை மாறி இலண்டன் சேர்ந்தது. அதனை வாங்கியிருந்த கனடா நாட்டு நிறுவனத்தோடு ஆங்கில நீதிமன்றத்தில் வழக்கு நிகழ்ந்தது. திருமேனியில் ஒட்டிய மண்ணும் கறையான் தடமும் வரையில் ஆராயப்பெற்றன. இந்திய அரசும் தமிழ்நாட்டு அரசும் வழக்காடினும், நீதிமன்றம் உரிமையுடையதெனக் கொண்டது அச்சிதைந்த கோயிலையே. கோயில் தன் தக்கார் வாயிலாக வழக்காடலாம் என்று 1991-இல் மேல்முறையீட்டு மன்றமும் உறுதி செய்தது. பூசையின்றிப் பாழ்பட்டுக் கிடந்தும் ஒரு கோயில் தன் உரிமையை இழந்ததில்லை என்னும் இம்முடிபு, சைவாகமங் கற்றார்க்குப் புதிதன்று. அதனை இலண்டன் மன்றம் ஏற்றதே புதிது. அவ்வாண்டே பெருமான் தமிழகம் திரும்பினார்.

திரும்பிய திருமேனிகள் எங்கே எழுந்தருளுகின்றன என்று கேட்பின், விடை மகிழ்ச்சி தருவதன்று. பல, அரசினர் அமைத்த பாதுகாப்பு மையங்களிற் கம்பிக்கதவுக்குப் பின்னே நூற்றுக்கணக்கான பிற திருமேனிகளோடு நெருங்கி நிற்கின்றன. களவுக்கு அஞ்சிச் சிற்றூர்க் கோயில்களினின்று கொண்டுபோகப்பட்டவையும் அங்கே உள்ளன. உற்சவர் இல்லாத ஊரில் திருவிழா இல்லை. திருவிழா இல்லாத ஊரில் கோயிலை நினைப்பார் குறைவர். நினைப்பார் குறைந்த கோயிலுக்குத் திருமேனியைத் திருப்பி அனுப்ப அதிகாரிகள் அஞ்சுவர். அவர்கள் அச்சம் பொருளற்றதன்று. சிறீபுரந்தானே அதற்குச் சான்று. ஆயினும் பூட்டு ஒன்றையே காவலெனக் கொள்வதை அம்மையார் ஒப்பியிரார். அவர் வைத்த காவல் விளக்கும், நெல்லும், அவற்றால் வாழும் ஊழியரும் ஆகும். திருமடங்கள் தத்தம் ஆட்சியிலுள்ள சிறு கோயில்களில் ஒருபொழுதுப் பூசையேனும் இடையறாது நிகழச் செய்து, ஒவ்வொரு திருமேனியையும் நாற்புறமும் படம் எடுத்து, உயரமும் எடையும் குறித்து, பட்டியலைக் கோயிலில் ஒன்றும் மடத்தில் ஒன்றுமாக வைப்பது பெருஞ்செலவுடைய செயலன்று. சில மடங்களில் பழைய பொக்கிஷக் கணக்குச் சுவடிகள் இன்றும் உள. அவற்றைப் படியெடுக்கும் வேலை அதனோடு சேர்ந்தே நடக்கலாம்.

இறுதியில் அம்மையார் திருமேனிக்கு வருவோம். 1929-இல் அமெரிக்க நாட்டு வாசிங்டன் நகரத்துப் பிரீயர் கலைக்கூடத்தார் ஏறத்தாழ மூன்றரை அடி உயரமுள்ள செப்புப்படிமம் ஒன்றை வாங்கினர். நின்ற கோலம், ஒழுகிய நீள்கை, உயர்ந்த முடி, முகத்திற் பேரமைதி. உமாதேவியார் திருவுருவம் எனச் சிலரும், உமையின் சாயலில் வார்த்த செம்பியன் மாதேவியார் உருவமே எனப் பலரும் கொள்வர். அரசியின் முகத்தையும் அம்மையின் முகத்தையும் பிரித்தறியாதவாறு வார்ப்பதே அக்காலக் கம்மியர் கருத்தாயிருக்கலாமாதலின், இரு சாராரையும் யாம் மறுக்கவில்லை. 2022-இல் தமிழ்நாட்டுக் காவல்துறையின் சிலைக்கடத்தல் தடுப்புப் பிரிவினர், இது செம்பியன் மாதேவி ஊர்க் கைலாசநாதர் கோயிலினின்று களவு போனதே என்று அறிவித்து, மீட்கும் முயற்சியைத் தொடங்கினர்.

இவ்வழக்கில் நிழற்படம் உதவாது. புதுச்சேரி நிறுவனத்தார் படம் எடுக்கத் தொடங்கியது, படிமம் வாசிங்டனில் விலைப்பட்டதற்கு 27 ஆண்டுகள் பின்னரே. எஞ்சியிருப்பது கல். கல்லின் சான்று எவ்வளவு செல்லும் என்பதற்குத் தஞ்சையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்கே ஆதித்தன் சூரியனாகிய தென்னவன் மூவேந்த வேளான் என்னும் கோயில் அதிகாரி இராசராசன் உருவத்தையும் உலோகமாதேவியார் உருவத்தையும் செய்தளித்தான். அவ்விரண்டன் உயரத்தையும் கோயில் முழக்கோலால் அளந்து, முழமும் விரலுமாகச் சுவரில் எழுதுவித்தான். அவ்வுருவங்கள் எப்பொழுதோ கோயிலை நீங்கி அகமதாபாத்து நகரத்து அருங்காட்சியகமொன்றைச் சேர்ந்திருந்தன என்று காவல்துறையினர் கூறி, 2018-இல் அவற்றைத் தஞ்சைக்கு மீட்டுக் கொணர்ந்தனர். இவை அவையே எனக் காட்டுதற்கு அக்கல்வெட்டின் அளவு துணை நின்றது. செம்பியன் மாதேவி ஊர்க் கோயிலிலோ, 1019-இல் அம்மையார் திருமேனியை எழுந்தருளுவித்ததும் அதற்கு நிவந்தம் வைத்ததும் கல்லில் உள்ளன. சித்திரைக் கேட்டைக்கு வைத்த கொடையும் உள்ளது.